அறுகோணக் குழலும் ஈயக் குண்டும்

கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு டம்டம் என்றால் விமான நிலையம் நினைவுக்கு வரும். டில்லியில் இருப்போர்க்கு மீரட் கூப்பிடு தூரம். இவ்விரண்டு ஊர்களின் பெயரும் 1857-ஆம் ஆண்டின் சரித்திரத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவோடு பிணைந்து கிடக்கின்றன. அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற விவகாரத்தை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அதற்கு விடை ஈயத்தின் குணத்தில் இருக்கிறது.

பழைய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. உருண்டைக் குண்டு அதில் தட்டுத் தடுமாறி வெளிவரும். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்பது பெயரளவே. குழலின் உட்சுவரில் முறுக்கிச் செல்லும் வரிகளைக் குடைந்துவிட்டால், குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு பம்பரம்போல் சுழன்று நேராகப் பாயும். வரி குடைவதைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல்லே பிறகு துப்பாக்கிக்குப் பெயராகி 'ரைபிள்' ஆயிற்று. நாம் பெயரை வாங்கிக்கொண்டோம். பொருளை அங்கேயே விட்டுவிட்டோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு இது பழகிய நஷ்டம்.

வரிகளைப் பற்ற வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். குழல்வாய் வழியே கோலால் இடித்து இறக்க வேண்டுமானால் தளர்ந்திருக்க வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது ஈயத்தின் மென்மை. 1849-இல் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி அடிப்பக்கம் குழிந்த குண்டு ஒன்றை அமைத்தார். தளர்வாக உள்ளே இறங்கும் அந்தக் குண்டு, மருந்து வெடித்தவுடன் விரிந்து வரிகளில் பதியும். 1853-இல் உருவான என்பீல்டு ரைபிளின் தத்துவமும் இதுவே. ஆனால் அக்காலத்துக் கருமருந்து ஒவ்வொரு வெடிக்கும் குழலில் கசடைப் படியவைத்தது. ஈயமும் உராய்ந்து ஒட்டியது. நாலைந்து முறை சுட்டபின் அடுத்த குண்டு எளிதில் இறங்காது. ஆகவே குண்டைக் காகிதத்தில் சுற்றி, மேலே கொழுப்பைத் தடவினார்கள். சிப்பாய் அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. 1857 ஜனவரியில் டம்டத்தில் எழுந்த வதந்தி, மே 10-ஆம் தேதி மீரட்டில் தீயாய்ப் பற்றியது. குறைகள் நூறு குவிந்து கிடந்தன என்பது மெய்யே. எனினும் பொறி விழுந்த இடம் ஈயத்தை வழுக்கச் செய்யத் தடவிய கொழுப்பு.

அதே ஆண்டுகளில் மாஞ்செஸ்டர் நகரில் ஒருவர் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகிக்கொண்டிருந்தார். திருகாணியின் மரைக்கு 1841-இல் பொது அளவு வகுத்துத் தந்த ஜோசப் விட்வொர்த்தே அவர். 1854-இல் அவரை இவ்வேலையில் இறக்கியவர் பிரிட்டிஷ் பிரதம சேனாதிபதி ஹார்டிஞ்சு பிரபு. 1844 முதல் 1848 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து முதல் சீக்கிய யுத்தத்தை நடத்தியவர். ரைபிள் செய்யும் இயந்திரங்கள் வேண்டும் என்று கேட்டபோது, குழலின் சரியான வடிவம் எதுவென்று தெரியாமல் இயந்திரம் செய்வதெப்படி என்று விட்வொர்த் திருப்பிக் கேட்டார். தம் வீட்டருகே 500 கெஜ நீளத்துக்குக் கூரையிட்ட சுடுகூடம் எழுப்பிப் பரீட்சை செய்தார். முடிவில் வரி குடைவதையே கைவிட்டார். குழலின் துளையையே அறுகோணமாக அமைத்து, அந்த அறுகோணத்தை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் முறுக்கிவிட்டார். என்பீல்டில் ஒரு சுற்றுக்கு 78 அங்குலம். குண்டையும் அறுகோணமாகவே வார்த்தார். திருகாணி மரைக்குள் செல்வதுபோல் அது குழலுக்குள் சென்றது. விரிய வேண்டிய அவசியமே இல்லை.

1857-இல் ஹைத் என்னுமிடத்தில் நடந்த பரீட்சையில், 500 கெஜ தூரத்தில் விட்வொர்த் குண்டுகள் சராசரி நாலரை அங்குலமே விலகின. என்பீல்டு குண்டுகள் 27 அங்குலம் விலகின. இருந்தும் ராணுவம் அதை ஏற்கவில்லை. துளை சிறியது, கசடு சீக்கிரம் அடைக்கிறது, விலையும் பன்மடங்கு என்றார்கள். லட்சக்கணக்கில் துப்பாக்கி வாங்குகிறவன் கணக்கு அப்படித்தான் இருக்கும். நாம் அதைக் குறை கூற மாட்டோம். 1860 ஜூலை 2-ஆம் தேதி விம்பிள்டன் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கிவைத்தபோது, பீடத்தில் பொருத்திய விட்வொர்த் ரைபிள் 400 கெஜத்தில் குறியின் மையத்துக்கு ஒன்றேகால் அங்குலத்தில் தைத்தது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென்னவரின் குறிகாரர்கள் இதை விரும்பினார்கள். 1864-இல் ஜெனரல் ஸெட்ஜ்விக்கை வீழ்த்தியது விட்வொர்த் குண்டே என்பது பலரின் நம்பிக்கை.

கோணம் அத்துடன் மறையவில்லை. எடின்பரோவின் அலெக்ஸாண்டர் ஹென்றி ஏழு முகம் கொண்ட குழலை அமைத்தார். 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளில் இருந்தது அதுவே. வில்லியம் மெட்போர்டு, ஆழமற்ற வரிகளும் கடினப்படுத்திய ஈயமும் போதும் என்று 1865-இல் காட்டினார். இவர் 1857-இல் கிழக்கிந்திய ரயில்வே வேலைக்கு வந்து, முங்கேரில் கலகத்தின் நடுவே அகப்பட்டு, உடல் நலிந்து 1858-இல் ஊர் திரும்பியவர். என்பீல்டுக் குண்டின் அமைப்பில் இவருக்கும் பங்குண்டு என்பதை எண்ணினால் விதியின் விளையாட்டை என்னென்பது! முங்கேரோ 1760-களில் மீர் காசிம் துப்பாக்கிப் பட்டறைகள் நிறுவிய ஊர்.

பிறகு புகையற்ற மருந்து வந்தது. வேகம் கூடவே வெறும் ஈயம் குழலில் தேய்ந்து ஒட்டியது. குண்டுக்கு உலோக உறை போட்டார்கள். 1888-இல் வந்த லீ-மெட்போர்டின் வட்டமான மென்வரிகளைக் கார்டைட் மருந்தின் சூடு விரைவில் அரித்தது. 1895-இல் ஆழ்ந்த வரிகள் திரும்பி வந்தன. டம்டம் தொழிற்சாலை உறையின் நுனியைத் திறந்து ஈயத்தை வெளியே காட்டிய குண்டுகளைச் செய்தது. உடலுக்குள் விரிந்து கொடுங்காயம் விளைவிக்கும் அவ்வகைக் குண்டுகளை 1899-இன் ஹேக் பிரகடனம் விலக்கியது.

பலகோணக் குழல் மீண்டும் பரவியது கைத்துப்பாக்கியில். உள்ளே அச்சுக்கோலைச் செருகி, வெளியிலிருந்து சுத்தியலால் அடித்துக் குழலை உருவாக்கும் முறை ஜெர்மனியில் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வளர்ந்தது; கூர்மையான வரியைவிட மழுங்கிய கோணம் இம்முறைக்கு எளிது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் கைத்துப்பாக்கியின் குழல் இவ்வகையே. கசடு தங்க மூலை இல்லை, துடைப்பது சுலபம், உறையிட்ட குண்டு நன்றாக அடைத்துச் செல்கிறது. ஆனால் உறையில்லாத ஈயக் குண்டை இதில் சுட வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். கூர்வரி ஈயத்தை வெட்டிப் பிடிக்கும். மழுங்கிய மேடு அப்படிப் பிடிப்பதில்லை. மென்மையான ஈயம் வழுக்கி, மெல்லிய ஏடாகச் சுவரில் படியலாம். படியப் படியத் துளை குறுகும், அழுத்தம் ஏறும். எல்லை மீறினால் குழல் கையிலேயே வெடிக்கும். ஈயத்துக்கென்று பிறந்த வடிவம் ஈயத்தையே விலக்கி வைக்கும்படி ஆயிற்று.

விட்வொர்த்தின் மருந்து இங்கே பலிக்காது. தானே தோட்டாவை ஊட்டிக்கொள்ளும் துப்பாக்கியில் குண்டு எந்தப் பக்கம் திரும்பி உள்ளே நுழையும் என்று யாரும் சொல்ல முடியாது. அறுகோணக் குண்டு வார்த்தால் மூலைக்கு மூலை பொருந்தாது. ஈயத்தைத் தாமே வார்த்துச் சுடும் பயிற்சிக்காரர்கள் சிலர், ஆன்டிமனி கலந்து கடினப்படுத்திய குண்டும் நல்ல மெழுகும் இருந்தால், அடிக்கடி குழலைத் துடைத்தால் தீங்கில்லை என்று வாதிக்கிறார்கள். மற்றவர்கள் கூர்வரி கொண்ட வேறொரு குழலை வாங்கி மாற்றிக்கொண்டு சுடுகிறார்கள்.