பெரியம்மாவின் கரிக்கோடும் வட்டிக்காரரின் பேரேடும்

தாராவியில் பெரியப்பா வீட்டு அடுப்படிச் சுவரில் வரிசையாகக் கரிக்கோடுகள் இருக்கும். சின்ன வயதில் லீவுக்குத் திருநெல்வேலியிலிருந்து வரும்போது, யாரோ பிள்ளைகள் கிறுக்கியது என்றுதான் நினைத்திருந்தேன். அது கணக்கு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய மூவாயிரம் ரூபாய்க் கடனுக்கு வாரம் நூறு ரூபாய் வீதம் 36 வாரம் கட்ட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் பெரியம்மா ஒரு கோடு போட்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

36 கோடும் முடிந்த அன்று வட்டிக்காரர் தன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் 24 தவணைதான் இருந்தது. புத்தகமோ எங்கள் யாருக்கும் தெரியாத எழுத்தில். தோல் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா இன்னும் 12 வாரம், ஆயிரத்து இருநூறு ரூபாய், மறுபடி கட்டினார். "எழுதி வச்சவன் சொல்றான், கோடு போட்டவ என்னத்தச் சொல்ல?" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். இது நடந்தது எண்பதுகளில்.

பிற்பாடு, வேலைக்காக நானும் செம்பூரில் குடியேறிய பிறகு, இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பெரியம்மாவின் பிரச்சினை இந்த மண்ணுக்கு ரொம்பப் பழையது.

1875 மே 12. புனே மாவட்டத்தில் சூபா என்ற சந்தை ஊர். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் திரண்டு வந்து சாவுகார்களின் கடைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் முதலில் கேட்டது பணத்தையோ நகையையோ அல்ல, கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும். அவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலவரம் அகமத்நகர் பக்கமும் பரவியது. சரித்திரத்தில் இதற்குத் தக்காணக் கலவரம் என்று பெயர்.

காரணம் என்ன? அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 காலத்தில் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு ஏக கிராக்கி. கடன் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்ததும் விலை விழுந்தது, கடனும் நின்றது. நிலவரி மட்டும் ஏறியது. இதற்கு நடுவில் 1859-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. கடன் பத்திரம் மூன்று வருடம்தான் செல்லும் என்றது அது. வட்டி மலைபோல் குவியக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சாவுகார்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கட்டாத வட்டியையும் அசலில் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி ரேகை வாங்கினார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது தருவதில்லை, பத்திரத்தில் இல்லாத தொகையை எழுதுகிறார்கள் என்றும் விசாரணைக் குழுவிடம் குடியானவர்கள் முறையிட்டார்கள்.

இதைத் தொடர்ந்து வந்ததுதான் 1879-ஆம் வருட தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம். முதலில் புனே, சத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர் என்ற நாலு மாவட்டங்களுக்கு. பணம் கட்டினால் எழுத்தில் ரசீது, வருடாந்திரக் கணக்கு, கேட்டால் ஒரு பாஸ் புத்தகம் என மூன்றும் விவசாயியின் உரிமையாயின. இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாவுகார் ஒருநாளும் கணக்கு எழுதாமல் இருந்ததில்லை. அந்தக் கணக்கு அவர் ஒருவர் கையில் மட்டும் இருந்ததுதான் கோளாறு. எதிராளி கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்றது சட்டம்.

இந்த யோசனை இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய ரோமாபுரியில், ஒருவருக்கு வழக்கில் தேவைப்பட்டால் அவர் சம்பந்தப்பட்ட கணக்கை வட்டிக்கடைக்காரர் நாள் குறித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று நீதி அதிகாரியின் ஆணை இருந்தது. அவர்கள் தொழிலில் பொதுநலன் அடங்கியிருக்கிறது என்று அந்தக் கால சட்ட அறிஞர் காயுஸ் காரணமும் சொன்னார்.

சரி, தாராவிக்குத் திரும்புவோம். பெரியப்பா கடன் வாங்கிய காலத்தில் இங்கே சட்டம் இல்லையா? இருந்தது! 1946-ஆம் வருட பம்பாய் லேவாதேவிக்காரர் சட்டம். லைசென்ஸ் உள்ளவர் ரொக்கப் புத்தகமும் பேரேடும் வைக்க வேண்டும். கடன் வாங்கியவருக்குத் தொகை, தேதி, வட்டி விகிதம் குறித்த விவரத் தாள் தர வேண்டும். கட்டும் பணத்துக்கு ரசீது, வருடத்துக்கு ஒருமுறை கணக்கு. இவற்றைச் செய்யாவிட்டால் வட்டியைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம். லைசென்ஸ் இல்லாதவருக்கோ கோர்ட் டிக்ரியே கொடுக்கக் கூடாது. பெரியப்பாவுக்கு ஒரு தாள்கூட வந்ததில்லை. கேட்கலாம் என்பதும் தெரியாது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2014-இல் மகாராஷ்டிர அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. கணக்கு வைக்கும் கடமை தொடர்கிறது. அத்துடன் அசலுக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. சாட்சியச் சட்டமும் நம் பக்கம்தான். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தைக் கோர்ட் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளி ஆக்க முடியாது. 1872-லிருந்து இருக்கும் விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதாவது, அன்றைக்கு அந்த 24 தவணைப் புத்தகம் மட்டும் போதாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை.

ஊரைவிட்டு வந்த நமக்கு இதில் இன்னொரு சிக்கல், பாஷை. பிழைக்க வந்த இடத்தின் எழுத்தைப் படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்கள்தானே நம்மில் பாதிப்பேர்? 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதுக் கடன்களுக்கு, வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் விவரத் தாள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மொபைலில் நாலு தட்டில் கடன் வாங்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன், தாளைக் கேளுங்கள். தண்டல்காரராக இருந்தாலும், தேதியும் தொகையும் எழுதிய அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

போன மாதம் பெரியம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ என் கோடு சரிதானே?" என்று மட்டும் கேட்டார்.

சரிதான் பெரியம்மா. 36-ம் சரிதான்.