எலிப்படையும் தனித்த சிறுவனும்

கொடிய பிராணிகளைக் காட்டி மக்களை நடுங்க வைக்கும் படங்கள் அமெரிக்க தேசத்துக்குப் புதியன அல்ல. 1933-ம் ஆண்டிலேயே ‘கிங் காங்’ என்னும் மாபெருங் குரங்கு வெண்திரையில் நியூயார்க் நகரத்தைக் கலக்கியது. 1963-ல் ஹிட்ச்காக் என்னும் டைரக்டர் காக்கையையும் கடற்பறவையையும் கொண்டே ஒரு கரையோரச் சிற்றூரைக் கதிகலங்கச் செய்தார். அப்படங்களில் ஊரார் பிராணிகளுக்கு அஞ்சி ஓடினார்கள். 1972-ல் வெளிவந்த ‘பென்’ என்னும் படத்திலோ எல்லாரும் ஓட, ஒரு சிறுவன் மட்டும் ஓடாமல் நிற்கிறான். ஊரைக் கொல்லும் எலிகளின் தலைவன் அவனுக்கு நண்பன். இத்தகைய நட்பு ஒரு பயங்கரப் படத்துள் நுழைந்த வரலாறு நம்மவரும் அறியத்தக்கது.

இதன் மூலம் ஒரு நாவல். வட அயர்லாந்துக்காரரான ஸ்டீபன் கில்பர்ட் என்பவர் 1968-ல் அதனை வெளியிட்டார். பெயரில்லாத ஒருவன் எழுதிய நாட்குறிப்பாக அக்கதை அமைந்துள்ளது. அதைத் தழுவி 1971-ல் ‘வில்லார்ட்’ என்ற படம் வந்தது. வில்லார்ட் ஓர் அலுவலகச் சிப்பந்தி. அவனுடைய தகப்பன் உண்டாக்கிய தொழிலைக் கைப்பற்றிக் கொண்டவனே அவனுக்கு எஜமானன். அவ்வெஜமானன் நாள் தவறாமல் பிறர் முன்னிலையில் அவனை இழிவுபடுத்துகிறான். கிராணி மேசையில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் இப்பகுதியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. முப்பது வயது கடந்த பின்னும் ‘பையன்’ என்றே அழைக்கப்படுவது எத்தன்மையது என்பதை அநுபவித்தோர் அறிவர்.

தோட்டத்து எலிகளைக் கொல்லுமாறு தாயால் ஏவப்பட்ட வில்லார்ட், கொல்ல மனமின்றி அவற்றுக்கு உணவிட்டு வளர்க்கிறான். சொன்னபடி கேட்கப் பழக்குகிறான். சாக்ரட்டீஸ் என்று பெயரிடப்பட்ட வெள்ளெலி அவனுக்கு உயிர். கறுத்துப் பெருத்த மற்றொன்று பென். எஜமானன் சாக்ரட்டீஸைக் கொன்றுவிட, வில்லார்ட் தன் எலிப்படையை அவன்மீது ஏவிப் பழிதீர்க்கிறான். காரியம் முடிந்ததும் தன்னை நம்பிய எலிகளையே நீரில் அமிழ்த்தி ஒழிக்க முற்படுகிறான். தப்பிய பென் திரும்பி வந்து அவனுக்கு முடிவு கட்டுகிறது. மேலோரால் மிதிக்கப்பட்டவன் தனக்குக் கீழே ஒரு கூட்டம் கிடைத்தவுடன் தானும் மிதிக்கக் கற்றுக்கொள்வதைக் காட்டியதனாலேயே அப்படத்தை யான் மதிக்கிறேன்.

நிற்க. ‘வில்லார்ட்’ நல்ல வருமானத்தைக் கொண்டு வந்தது. லாபம் கண்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஓராண்டுக்குள் அடுத்த பாகம் தயாராகிவிட்டது. ஆனால் ஒரு சங்கடம். கதாநாயகன் இறந்துபோனான், மிஞ்சியது எலி மட்டுமே. எலியோடு உறவாட யாரேனும் ஒருவர் வேண்டுமல்லவா? அந்த இடத்திற்கே டானி என்னும் சிறுவனைக் கொண்டு வந்தார்கள். ஆகவே, அச்சிறுவன் பிறந்தது கலையின் தேவையால் அன்று. கணக்குப் புத்தகத்தின் தேவையால். எனினும் அந்தக் கணக்குப் புத்தகம் தன்னையறியாமல் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது.

டானிக்கு இருதய நோய். மற்றப் பிள்ளைகளைப் போல் ஓடியாட முடியாது. தாயும் தமக்கையும் அன்பில்லாதவர் அல்லர். ஆயினும் அவர்கள் கவலை முழுவதும் அவன் நோயைப் பற்றியதே. அவனுடைய பொழுதை யாரும் பங்கிட்டுக் கொள்ளவில்லை. பொம்மலாட்டப் பாவைகளே அவனுக்குத் தோழர்கள். பென் வந்ததும் எலியைப் போலவே ஒரு பாவை செய்கிறான். அதற்கென்று ஒரு பாட்டும் கட்டுகிறான். அவனைத் துன்புறுத்த வந்த முரட்டுப் பையனை எலிகள் தாக்கி விரட்டுகின்றன. அதே எலிகள் இரை தேடி நகருக்குள் புகுந்து மனிதரைக் கொல்கின்றன. போலீசார் சாக்கடைக் குகைகளில் இறங்கி, தீயை உமிழும் கருவிகளால் அவற்றைச் சுட்டெரிக்கிறார்கள்.

எலியும் குழந்தையும் ஒரே கதையில் சேர்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஜெர்மனியிலுள்ள ஹாமெலின் நகரத்திலிருந்து 1284-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி 130 குழந்தைகள் காணாமற் போனார்கள் என்பது அவ்வூர் ஐதிகம். எலிகள் அக்கதையில் சேர்ந்தது 16-ம் நூற்றாண்டில்தான். ஆங்கிலப் பள்ளியில் வாசித்தோர், பிரௌனிங் 1842-ல் வெளியிட்ட பாட்டின் வாயிலாக இதனை அறிந்திருப்பர். எலிகளை ஒழித்தவனுக்கு ஆயிரம் கில்டர் தருவதாகச் சொன்ன நகரசபையார், வேலை முடிந்ததும் ஐம்பது மட்டுமே தர முன்வருகிறார்கள். (கூலிப் பிரட்டு எந்தத் தேசத்துக்கும் புதிதல்லபோலும்!) அவன் குழல் ஊதிக் குழந்தைகளை எல்லாம் அழைத்துச் செல்கிறான். கால் ஊனமான ஒரு சிறுவன் மட்டும் அவர்களோடு சேர்ந்து நடக்க மாட்டாமல் பின்தங்கி, விளையாட ஒருவருமில்லாத ஊரில் தனியே நிற்கிறான். டானியை அவனுடைய தம்பி என்று சொன்னால் தவறில்லை. இருவரையும் தனிமையில் தள்ளியது எலியும் அன்று, குழலும் அன்று. ஓட இயலாத உடம்பும், அதற்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளாத ஊருமே.

எலியை ஒழிக்க வேண்டாமென்று யாரும் வாதாடப் போவதில்லை. அதன் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரைக் குடிக்கவல்லது. நம் செம்பனைத் தோட்டங்களில் குலைகளைக் கடித்து நாசமாக்கும் எலியை அடக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைத்து வளர்க்கிறார்கள், நல்ல உபாயம். ஆனால் டானியின் கதையில் தீயோடு இறங்கிய பெரியவர்களுள் எவரும், இப்பிள்ளை நண்பனைத் தேடிச் சாக்கடை வரை போக நேர்ந்தது ஏன் என்று கேட்கவில்லை. விமரிசகர்கள் பலர் இப்படத்தை மெச்சவில்லை. முதற்பாதியில் பிணங்களைக் காட்டிக் காசு பறித்துப் பிற்பாதியில் கண்ணீரைக் கேட்பது மலிவான வித்தை என்பதில் யானும் அவர்கள் கட்சியே. ஆயினும், உடல் கருகிக் காயமுற்ற பென் டானியிடமே வந்து சேர, அவன் அழுதுகொண்டே அதற்கு மருந்திடும் கடைசிக் காட்சி வித்தையையும் மீறிவிடுகிறது.

படத்தை மறந்தவர்களும் அதன் பாட்டை மறக்கவில்லை. டான் பிளாக் எழுதி, வால்டர் ஷார்ப் இசையமைத்த அப்பாடலைப் பாடியவர் மைக்கேல் ஜாக்சன். அப்போது வயது பதினான்குகூட நிரம்பவில்லை. 1972 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் அது முதலிடம் பெற்றது. சிறு வயதிலேயே மேடையேறியதால் விளையாட்டும் தோழமையும் தமக்கு வாய்க்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். 1973-ல் ஆஸ்கார் விழா மேடையிலும் அப்பாட்டைப் பாடினார். பரிசு வேறொரு பாட்டுக்குப் போயிற்று. வானொலியில் அதைக் கேட்டு உருகுவோர் பலர், அது ஓர் எலியை நோக்கிப் பாடப்பட்டது என்பதை இன்றும் அறியார்.