வாங்குவோரின் முகம்: ஜலகண்டாபுரத்து நெசவு வணிகத்தின் வரலாறு

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஜலகண்டாபுரம், திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணனின் ஊராகவும் தெருக்கூத்து வட்டாரமாகவும் அறியப்பட்டிருந்தாலும், அதன் அன்றாட வாழ்வைத் தாங்கி வந்தது தறியே ஆகும். இவ்வட்டாரத்து நெசவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நூலையும் கூலியையும் பற்றியே எழுதினர். நெய்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே யார் நின்றார், யார் யாருடைய முகத்தை அறிந்திருந்தார் என்ற கேள்வி அவர்கள் கவனத்தைப் பெறவில்லை. சமூக ஊடகத்தில் சேலை விற்கும் இக்காலத்தை விளங்கிக்கொள்ள அந்தக் கேள்வியே உதவும்.

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கம்பெனியின் துணிக்கொள்முதலைக் கவனிக்கச் சேலத்தில் ரெசிடென்ட் எனப்பட்ட வணிக அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார்; பின்னாளில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜே. எம். ஹீத் என்பவரும் அப்பதவியில் இருந்தவரே. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, துணி முடிந்ததும் தரம் பார்த்து எடுத்துக்கொள்வது கம்பெனியின் முறை. முன்பணம் வாங்கியவர் கடன் தீரும்வரை பிறருக்கு நெய்ய இயலாது என்பதால், அவர் அறிந்த ஒரே வாங்குவோர் கம்பெனியின் ஆளாகவே இருந்தார். துணியை உடுத்தியவர் கடலுக்கு அப்பால் இருந்தார். 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால் கம்பெனியின் வணிகம் முடிவுக்கு வந்தபோது ரெசிடென்ட் போனார், முன்பணம் போகவில்லை. அது உள்ளூர் வணிகரின் கைக்கு மாறியது.

அவ்வணிகரையே பிற்காலத்தில் மாஸ்டர் வீவர் என்றனர். அவர் பாவையும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஊடையையும் (குறுக்கே ஓடும் நூல்) கொடுத்து, நெய்த துணிக்குக் கூலி கொடுப்பார். தறி வீட்டில் இருந்தாலும் நூலும் துணியும் அவருடையவை. இந்த உறவில் சுரண்டலுக்கு இடமிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்யாணம், காதுகுத்து, நோய் நொடி என்று கை நீட்டக்கூடிய முகம் அவருடையதாகவே இருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆளறிந்து கொடுக்கும் கடன்தான் இத்தொழிலின் உண்மையான முதல். அதைப் பேரேட்டுக் கணக்கு மட்டும் பார்த்து அளந்துவிட முடியாது.

இடையில் நிற்பவரை விலக்கும் முதல் பெருமுயற்சி கூட்டுறவு இயக்கமாகும். நெசவாளர் சங்கங்களின் தலைமைச் சங்கமாக 1935இல் தொடங்கப்பட்டு இன்று கோ-ஆப்டெக்ஸ் என அறியப்படும் நிறுவனம், சங்கங்களின் துணியைக் கொள்முதல் செய்து தன் கடைகளில் விற்றது. நெசவாளருக்கு இது ஓரளவு பாதுகாப்பைத் தந்தது. ஆனால் வாங்குவோரை அவர் அப்போதும் காணவில்லை. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் இது எல்லையைத் தொட்டது எனலாம்: அரசே ஒரே வாங்குவோராக இருக்கும்போது, சேலை எவருக்குப் பிடிக்கும் என்று நெய்பவர் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழாது.

இதற்கு நேர் எதிரான காட்சியொன்று 1953இல் நிகழ்ந்தது. கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் கஞ்சித் தொட்டியை நம்பி நின்ற அக்காலத்தில், தி.மு.க. தலைவர்கள் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். அறிந்த முகமும் ஊரறியும் விளம்பரமும் ஒரே தோளில் அமர்ந்த அரிய தருணம் அது. அரசியல் முகம் என்பதால் நெடுநாள் நீடிக்கக் கூடியதன்று. அதே வேலையை ஆரவாரமின்றி ஆண்டு முழுதும் செய்தவர் தவணை வியாபாரி. மூட்டையைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராகச் சென்று, சேலையைக் கொடுத்துவிட்டு வாரந்தோறும் பணம் வசூலிக்கும் அவர், எந்த வீட்டில் எப்போது விசேஷம், எவர் சொன்ன நாளில் கொடுப்பார் என்பதையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தார். ஊர்க் கடைகளோ பெயர் அச்சிட்ட மஞ்சள் பையையும், திரையரங்கில் இடைவேளையில் காட்டும் சிலைடையும் நம்பின. பை வீட்டுக்கு வீடு போனது. நம்பிக்கை வியாபாரியோடுதான் போனது.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் வந்தபின் விளம்பரத்துக்கும் அறிந்த முகத்துக்கும் இடையே இருந்த இந்த வேலைப் பங்கீடு குலைந்தது. 2016இல் அறிமுகமான யுபிஐ பணப் பரிமாற்றமும் எங்கும் கிளை பரப்பிய கூரியர் நிறுவனங்களும் துணையாக, முகமறியாதவருக்கும் ஒரே ஒரு சேலையை அனுப்பிப் பணம் பெறுவது இயல்வதாயிற்று. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது இவ்வழி பலருக்குத் துணையானது. சரக்கைக் கையில் வைக்காமல் படத்தை மட்டும் குழுக்களில் பகிர்ந்து ஆர்டர் பிடிக்கும் ரீசெல்லர், அதாவது மறுவிற்பனையாளர், என்ற புதிய இடையாள் உருவானார். இவர்களுள் இல்லத்தரசிகள் ஏராளம். இவர் முன்பணம் கொடுப்பதில்லை, நூலும் கொடுப்பதில்லை. ஆனால் வாங்குவோரின் பெயரும் முகவரியும் அவரிடமே இருக்கின்றன. தறிக்காரர் மீண்டும் ஒரு திரைக்குப் பின்னால் நிற்கிறார். திரை மட்டும் மாறியிருக்கிறது.

படத்துக்கு உள்ள குறை நெசவாளர் அனைவரும் அறிந்ததே. சாயம் கைப்பேசியில் ஒன்றாகவும் கண்ணில் வேறாகவும் தெரியும். பட்டின் கனமும் நூலின் நயமும் விரலுக்கே புலப்படும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டைப் படத்தில் பார்ப்பவருக்கு அது ஒரு வெள்ளைத் துணி மட்டுமே. பதிவேற்றிய புதிய வடிவத்தை வேறோர் ஊர் விசைத்தறி நகலெடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் இந்த இடத்தில் ஓரளவு துணை நிற்கின்றன. ஆயினும் முத்திரையை நம்புவதற்கும் ஆளை நம்புவதற்கும் வேறுபாடு உண்டு.

இதே மாவட்டத்து இளம்பிள்ளையில் நடப்பதை இங்கே நோக்க வேண்டும். அவ்வூர்ச் சேலைக் கடைகளைப் பற்றிய யூடியூப் காணொளிகள் கடைக்காரரின் முகத்தையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்தே காட்டுவதால், அவற்றைப் பார்த்துப் பிற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நேரில் வந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, விலை பேசி வாங்கிச் செல்கின்றனர். காணொளி இங்கே கடைக்கு மாற்றாக வரவில்லை. கடைக்கு ஆள் கூட்டும் வேலையைச் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்று அஞ்சியோர் இந்த விளைவை எதிர்பார்க்கவில்லை.

ஜலகண்டாபுரத்துக்கு வேண்டியது இன்னொரு செயலி அன்று. அடுத்த சேலையை யாருக்காக நெய்கிறோம் என்பது தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதே முதல் தேவை. தவணை வியாபாரியிடம் இருந்த அந்த அறிவு மறுவிற்பனையாளரின் கைப்பேசியோடு நின்றிருக்கும் வரை, சமூக ஊடகத்தால் பெருகும் விற்பனையில் நெசவாளரின் பங்கு கூலியைத் தாண்டாது.