வகுப்பில் காலைவாரிய கோழிகள்

பி செல்லில் இருக்கும் ‘பி’ என்றால் போன் மேரோ, எலும்பு மஜ்ஜை. பிளஸ் டூ பரீட்சையில் இப்படி எழுதி மார்க் வாங்கியவன் நான். தப்பு. அந்த எழுத்து கோழியிலிருந்து வந்தது.

கோழியின் எச்சவாய்க்கு மேலே சின்னப் பை ஒன்று உண்டு. பெயர், ஃபேப்ரீஷியஸின் பர்சா. படுவாவில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரீஷியஸின் குறிப்பு, அவர் இறந்தபின் 1621இல் அச்சானது. பை எதுக்கு என்றுதான் முந்நூறு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

1950களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற முனைவர் பட்ட மாணவர் குஞ்சுகளிலிருந்து அதை வெட்டியெடுத்து வளர்த்துப் பார்த்தார். கோழிகள் பாட்டுக்கு வளர்ந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

சக மாணவர் டிமத்தி சாங், ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழி கேட்டார். கிளிக் தன்னுடையதைக் கொடுத்தார். சால்மொனெல்லாவை ஊசியில் ஏற்றி, பிறகு ரத்தத்தைச் சோதித்தால், ஆன்டிபாடியைக் காணோம்! நானாக இருந்தால் ‘கோழி சரியில்லை சார்’ என்று தப்பித்திருப்பேன். அவர்கள் எந்தக் கோழிகள் என்று பார்த்தார்கள். பை எடுக்கப்பட்டவை.

‘சயின்ஸ்’ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956இல் ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ வெளியிட்டது. கோழி வளர்ப்பு இதழை எந்த டாக்டர் புரட்டப் போகிறார்? 1965இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிகளை வைத்தே, ஆன்டிபாடி செல்கள் தனி வம்சம் என்று காட்டினார்கள்.

மனிதனுக்கு பர்சா கிடையாது. அந்த வேலையை எலும்பு மஜ்ஜை செய்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ‘பி’யாகப் போய்விட்டது. எனக்கு மார்க் விழுந்தது அப்படித்தான்.