பெர்துஸி–மூர் சம்பவம்
வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) பழிவாங்கல் வரலாற்றில் மிக இருண்ட நிகழ்வு. 2004 பிப்ரவரி 16 அன்று கொலராடோ அவலாஞ்ச் வீரர் ஸ்டீவ் மூர், வான்கூவர் கனக்ஸ் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டைத் தலையில் மோதிச் சாய்த்தார். நடுவர்கள் தண்டிக்கவில்லை. கேப்டனைத் தொட்டவன் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது பனித்தளத்தின் எழுதாச் சட்டம். இதே அணிகளின் மார்ச் 8 ஆட்டத்தில் மூர் வான்கூவர் வீரர் மாட் குக்குடன் கைகலந்தார். மரபுப்படி அத்தோடு பகை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் வான்கூவர் 2–8 எனப் பின்தங்கியிருந்தபோது, அவ்வணி வீரர் டாட் பெர்துஸி பின்னாலிருந்து மூரின் சட்டையைப் பிடித்திழுத்துத் தலையில் குத்தி, அவர்மேலேயே விழுந்தார். மூரின் கழுத்தெலும்புகள் மூன்று முறிந்தன. அவர் பிறகு என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. காலவரையின்றித் தடைசெய்யப்பட்ட பெர்துஸி, 2005 ஆகஸ்டில் மீண்டும் ஆட அனுமதி பெற்றார். இடையில் ஒரு பருவமே கதவடைப்பில் போனதால், தவறவிட்ட லீக் ஆட்டங்கள் வெறும் 20.