வால்வைத் திருப்பும் கையின் அறிவு: நிறுவன அறிவு மேலாண்மை குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

பெங்களூரு நீலசந்திராவின் நெருக்கமான கிராஸ்களில், அதாவது குறுக்குத் தெருக்களில், காவேரித் தண்ணீர் முறைவைத்தே வருகிறது. அந்த முறையை நடத்துபவர் வால்வ்மேன். எத்தனை சுற்றுத் திருப்பினால் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுச் சம்ப்புக்கும் தண்ணீர் ஏறும், பள்ளத்து வால்வை எப்போது அடைக்க வேண்டும் என்பவை அவருக்குத் தெரியும். அவருக்குச் சம்பளம் தரும் அலுவலகத்துக்கு அந்த அளவுக்குத் தெரியாது. இந்த இடைவெளியே நமது ஆய்வுப் பொருள்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வால்வு திறந்த நேரம் தரவு. இன்று இந்தத் தெருவுக்குத் தண்ணீர் உண்டு என்பது தகவல். அழுத்தம் குறைந்த நாளில் என்ன செய்தால் தண்ணீர் போய்ச் சேரும் என்பதே அறிவு. பணிக்கு வேண்டிய அறிவு யாரிடம் உள்ளது என்று இனங்கண்டு, அதைக் காத்து, பகிர்ந்து, தேவையான இடத்தில் பயன்படச் செய்யும் முறையான முயற்சியை அறிவு மேலாண்மை என்கிறோம். தரவுக் கிடங்கு அமைப்பதையே அறிவு மேலாண்மை என்று கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. நாம் அதை ஏற்கவில்லை.

2. அறிவின் வகைகள்

எழுத்திலும் வரைபடத்திலும் தரத்தக்கது வெளிப்படை அறிவு. பழக்கத்திலும் உடலிலும் தங்கியிருப்பது உள்ளுறை அறிவு. நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்பதை மைக்கேல் போலானி 1966இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இக்குஜிரோ நொனாகாவும் ஹிரோடாகா டாகேயூச்சியும் 1995இல் அதை நிறுவனங்களுக்குப் பொருத்தினர். கூடிப் பழகுதல், வெளிக்கொணர்தல், இணைத்தல், உள்வாங்கல் என்ற நான்கு நிலைகளில் அறிவு சுழல்கிறது என்பது அவர்கள் முடிபு. ரொட்டி செய்யும் கருவியை உருவாக்க முயன்ற மட்சுஷிதா நிறுவனத்தின் மென்பொருளாளர் ஒருவர், ஒசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் மாவை இழுத்து முறுக்கும் விதத்தைப் பயின்று, அதைப் பொறியாளர்களுக்குச் சொல்லாக்கினார். இது அவர்கள் தரும் புகழ்பெற்ற சான்று.

இங்கே ஓர் உட்பிரிவு தேவை என்று கருதுகிறோம். சொல்லப்படாத அறிவெல்லாம் சொல்ல முடியாதது அன்று. சொல்ல முடிந்தும், சொல்வதால் பயனில்லை அல்லது இழப்பு உண்டு என்பதால் சொல்லப்படாத அறிவும் இருக்கிறது. முன்னதைச் சொல்லற்கரிய அறிவு என்றும் பின்னதைச் சொல்லா அறிவு என்றும் வழங்குவோம். நொனாகாவின் சுழற்சி முன்னதற்கே நன்கு பொருந்துகிறது. ரொட்டிக்காரர் தம் கைத்திறனைக் கற்றுத்தந்ததால் வேலை இழக்கவில்லை அல்லவா?

3. முதற்சான்று: எழுதினால் பரிசு

நீலசந்திராவிலிருந்து ஓசூர் சாலை வழியே தெற்கே போனால் எலக்ட்ரானிக் சிட்டி. அங்குள்ள இன்ஃபோசிஸ் நிறுவனம் 1992 முதலே பொறியாளர்களின் பட்டறிவைத் தொகுத்து வந்தது. பின்னர் கே-ஷாப் என்ற அகவலைக் களஞ்சியம் அமைந்தது. அதைத் தொடர்ந்து அறிவு நாணய அலகு என்னும் திட்டம் வந்தது. ஒருவர் எழுதியதைப் பயன்படுத்தியவர் அவருக்கு அலகுகள் வழங்கலாம். சேர்ந்த அலகுகளைப் பரிசாக மாற்றலாம். ஆக்கங்கள் குவிந்தன. ஆனால் சரிபார்ப்போரால் ஈடுகொடுக்க முடியவில்லை, மதிப்பீடுகள் தாராளமாயின, நல்லதைத் தேடி எடுப்பது கடினமாயிற்று. நிறுவனம் திட்டத்தைத் திருத்திப் பரிசின் இடத்தில் அங்கீகாரத்தை முன்னிறுத்தியது. ரகு கருட், அருண் குமாரசுவாமி இருவரும் 2005இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினர். சொல்லா அறிவைப் பரிசு திறக்கும். கூடவே சொல்லத் தகாததையும் திறந்துவிடும் என்பது நாம் கொள்ளும் பாடம்.

4. இரண்டாம் சான்று: சொன்னால் வேலைப்பளு

1964இல் அமைந்த பெங்களூரு குடிநீர் வாரியம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவேரி நீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறது. அந்தப் பெரும் பொறியமைப்பின் கடைசி முனையை வால்வ்மேனின் கை நடத்துகிறது. ஏரிப் பாசனத்தில் வயல்களுக்கு நீரைப் பகிர்ந்துவிட்ட நீர்க்கட்டி செய்த பணிக்கு ஒப்பானது இது; ஆனால் நீர்க்கட்டிக்கு ஊரில் இருந்த உரிமையும் பங்கும் இவருக்கு இல்லை.

நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் ஹுப்பள்ளி–தார்வாடில் தொடங்கிப் பின் பெங்களூருக்கு வந்தது. அதன் திட்டப்படி, வால்வைத் திறக்கும்போது வால்வ்மேன் கைபேசியில் தெரிவிக்க வேண்டியிருந்தது. அது குறுஞ்செய்தியாக வீடுகளுக்குப் போனது. தண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் களத்தில் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். பயன் சிறிதாகவே இருந்தது. தடை இரு முனைகளிலும் இருந்தது. வால்வ்மேன்கள் ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை. வந்த செய்தியும் பல வீடுகளில் குடத்தோடு காத்திருந்தவரின் கைபேசிக்குச் செல்லவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு வால்வ்மேன்களின் வாழ்வை நெருங்கிப் பார்த்து, குடும்பப் பொறுப்பும் பணச்சுமையும் இப்புதிய கடமைக்குத் தடையாய் நின்றதைக் காட்டியது.

இங்கே தடைபட்டது மிக எளிய தகவல். 'திறந்துவிட்டேன்' என்று சொல்லச் சொற்பஞ்சம் யாருக்கும் இல்லை. தகவலே ஆனாலும், சொல்ல முடிந்தும் சொல்லப்படாததால் இது சொல்லா அறிவின் இயல்பையே காட்டுகிறது. சொல்லும் வேலை கூடியது, சொல்பவரின் நிலை மாறவில்லை.

5. காரணமும் முடிபும்

இரு சான்றுகளிலும் கருவி பழுதில்லை. முதலாவதில் எழுதியவருக்கு நேரே பலன் இருந்தது; மிகுதியே சிக்கலாயிற்று. இரண்டாவதில் பலன் முழுதும் வேறிடத்தில் இருந்தது, பற்றாக்குறையே சிக்கலாயிற்று. எனவே வெளிக்கொணர்தலுக்கு முன் ஒரு நிலையைக் கோட்பாட்டில் சேர்க்க வேண்டும் என்பது நமது வாதம். அறிந்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அந்நிலைக்கு உடன்பாட்டு நிலை என்று பெயரிடுவோம். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001, 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நிறுவன அறிவைக் கண்டறிந்து பேணுமாறு கோருகிறது. அறிந்தவரோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை அது நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது.

2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட காவேரி ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரை, முக்கியமாக நகர விளிம்பின் 110 கிராமங்களுக்காகக் கொண்டுவருகிறது. அங்கே குழாய்கள் புதியவை. பழகிய கை இன்னும் உருவாகவில்லை. அங்கு நியமிக்கப்படும் வால்வ்மேன் கற்பதை அவரோடு அமர்ந்து முதல் நாளிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும்.