மலைப்பட்டுப் பாறையும் மே 23-ம் தேதியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் புதிதாக வருகிறவர்கள், இங்கே ஏரியும் தொழிற்சாலையும்தான் உண்டு என்று நினைப்பார்கள். மணிமங்கலம் பக்கத்தில் மலைப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே மலை இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் பார்த்தால் "இதுவா மலை?" என்று சிரிப்பார்கள். எங்களுக்கும் அது ஆடு மேய்க்கிற பாறை, அவ்வளவுதான். 2021-ல் உலக மகளிர் தினத்தையொட்டி முத்தமிழ்ச்செல்வி என்ற பெண் அங்கே 155 அடி உயரத்திலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் 58 விநாடியில் இறங்கினார். செய்தியைப் படித்துவிட்டு, "எதற்கு இந்த வேண்டாத வேலை" என்று பேப்பரை மடித்து வைத்தவள் நான்.

இரண்டே வருடம். 2023 மே 23 அன்று அதே பெண் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்தவர், சென்னையில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய்.

அதற்குப் பிறகுதான் எவரெஸ்ட் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை எனக்கு அது "8,848 மீட்டர், டென்சிங், ஹிலாரி, 1953". இந்த நாலு சொல்லோடு அந்தப் பாடத்தை எத்தனை வருடம் முடித்திருக்கிறேன்!

முதலில் ஒன்று தெரிந்தது. அந்த உயரத்தைக் கணக்கிட்ட வேலைக்கே தொடக்கம் நம் பக்கம்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். கத்திரி வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே அளந்தார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன அளவைதான் கடைசியில் இமயமலையை எட்டியது. கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். சிகரத்துக்கு வைத்த பெயர் மட்டும் வெள்ளைக்காரருடையது.

ஏறுகிற வழியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. நேபாளப் பக்கம் அடிவார முகாமே 5,364 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்கு. அதற்கு மேல் கும்பு பனியருவி. அருவி என்றாலும் தண்ணீர் இல்லை. வீடு வீடாகப் பனிக்கட்டிகள். அவை நகர்ந்துகொண்டே இருக்கும். வெடிப்புகளின் மேல் ஷெர்பாக்கள் அலுமினிய ஏணிகளைப் போட்டுக் கயிறு கட்டி வைப்பார்கள். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் விடியுமுன் கடக்க வேண்டும். 2023 ஏப்ரலில், பருவத்தின் தொடக்கத்திலேயே மூன்று ஷெர்பாக்கள் அங்கே இறந்தார்கள். அந்தப் பருவத்தில் மொத்தம் பத்துப் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

ஒரே மூச்சில் ஏறிவிடவும் முடியாது. மேலே போய், கீழே இறங்கி, மறுபடி மேலே போய் என்று வாரக்கணக்கில் உடம்பைப் பழக்க வேண்டும். அப்போதுதான் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். கடைசி முகாம் சுமார் 7,900 மீட்டரில். அங்கிருந்து இரவில் கிளம்புவார்கள். 8,000 மீட்டருக்கு மேலே உள்ள பகுதிக்கு மரண மண்டலம் என்றே பெயர். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், நாம் இங்கே இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு. உச்சியைத் தொட்ட பிறகுதான் பலருக்குக் கால் துவள்கிறது. இறங்கும்போது இறந்தவர்களும் நிறைய.

முதன்முதலில் ஏறிய பெண் ஜுன்கோ தபெய், ஜப்பான்காரர். 1975 மே 16. வீட்டில் சின்னப் பெண் குழந்தை. "பிள்ளையை வளர்ப்பதை விட்டுவிட்டு மலையா?" என்று ஊரே கேட்டது. பணம் போதவில்லை. பழைய கார் இருக்கைகளின் உறையை வெட்டிக் கையுறைக்கு மேலுறை தைத்துக்கொண்டார்கள். கார் இருக்கை தைக்கிற பெண்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு பனிச்சரிவு அவர்கள் கூடாரத்தைப் புதைத்தது. சில நிமிடங்கள் நினைவில்லாமல் கிடந்தவரை ஷெர்பாக்கள் இழுத்து வெளியே போட்டார்கள். அதன் பிறகும் ஏறினார்.

இந்தியாவின் முதல் பெண் பச்சேந்திரி பால். உத்தரகாசிப் பக்கத்துக் கிராமம். எம்.ஏ. சமஸ்கிருதம், பி.எட். படித்தவர். ஆசிரியர் வேலைக்குப் போகச் சொன்ன வீட்டாருக்கு மலையேற்றம் பிடிக்கவில்லை. 1984 மே 15 இரவு பனிச்சரிவில் தலையில் அடிபட்டது. குழுவில் பாதிப் பேருக்கு மேல் திரும்பிவிட்டார்கள். அவர் ஏறினார். தேதி மே 23. முத்தமிழ்ச்செல்வி நின்றதும், 39 வருடம் கழித்து, அதே மே 23.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1996-ல் எங்கள் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏலகிரியில் மூன்று நாள் மலையேற்ற முகாம், பள்ளிக்கு இரண்டு பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். மலைப்பட்டுப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வருவாள். "நான் போறேன் டீச்சர்" என்று முதலில் கை தூக்கியவள் அவள்தான். பெண் பிள்ளை போனால் துணைக்கு நான் போக வேண்டும். அப்போது என் மகனுக்கு நாலு வயது. அதைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பு முழுக்கக் கேட்க, "மலை ஏறி என்னடி சாதிக்கப் போற? போய் வாய்ப்பாடு படி" என்றேன். இரண்டு பையன்களை அனுப்பினோம். ஒருவன் முதல் நாளே காய்ச்சல் என்று திரும்பி வந்தான்.

அவளை ஒரகடம் கூட்டுரோட்டில் அடிக்கடி பார்ப்பேன். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை; அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள். 2023 ஜூனில் பஸ்ஸுக்கு நின்றபோது செல்போனில் முத்தமிழ்ச்செல்வி படத்தைக் காட்டி, மலைப்பட்டில் கயிற்றில் இறங்கியவர் இவர்தான் என்றேன். ஏலகிரியைப் பற்றி நானே எடுத்தேன். "உன்னை நான் அனுப்பியிருக்கணும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க கயித்துல இறங்கினாங்களா டீச்சர்? நான் அதுல செருப்பில்லாம ஏறுவேன். ஆடு மேல போயிடும், அம்மா கீழ நின்னு கத்தும்" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "அந்தப் படத்தை என் பொண்ணு நம்பருக்கு அனுப்புங்க டீச்சர்" என்றாள். அன்றிரவே அனுப்பினேன்.